கண்ணாடியில் நின்ற ஆள்

ரேடியோவுக்குப் பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி யாரேனும் அழைத்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி அவனே வழிவிட்டு ஒதுங்கி நிற்பான். தூக்கத்திலும் வாய் ஓயாதவன் என்பதற்காக அவனுடைய அக்காள் சூட்டிய பெயர் ரேடியோ. ஊரார் அதையே பிடித்துக்கொண்டனர். வயது முப்பத்துநான்கு, ஒடிசலான உடம்பு, சட்டைப்பையில் எப்பொழுதும் ஒரு சீப்பு. மகிழ்ச்சி வந்தாலும் தலை வாருவான், கோபம் வந்தாலும் தலை வாருவான். அச்சம் வந்தால் மட்டும் சீப்பைத் தொடமாட்டான். வேடிக்கையாகப் பேசத் தொடங்கிவிடுவான். அச்சம் எவ்வளவு பெரிதோ, வேடிக்கையும் அவ்வளவு பெரிது.

அன்று காலை பத்து மணிக்கு, மருத்துவமனை வாயிலில் அவன் மிக மிக வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"மேடம், நம்ம காருக்கு வரவேற்பைப் பாத்தீங்களா? பூவுக்குப் பதிலாக் கல்லு. பூ விக்கிற விலைக்கு இது நியாயம்தான்."

அவன் வாயை மூடுவதற்குள் அடுத்த கல் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, அவனுடைய நெற்றியைக் கிழித்துவிட்டு மடியில் விழுந்தது. குருதி புருவத்தில் தேங்கி, மூக்கின் வழியாகச் சொட்டத் தொடங்கியது.

"குனிஞ்சுக்கோ" என்றார் காரை ஓட்டிய வக்கீலம்மா.

இருபதாண்டுகள் நீதிமன்றத்தில் வாதாடியபின் ஒருநாள் கறுப்பு அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் தொடங்கியவர் அவர். அங்கி போனாலும் பெயர் போகவில்லை. ரேடியோ அவருடைய உதவியாளன். அவர் ஒரு நாளில் பேசும் சொற்களை அவன் காலைப் பல் துலக்கும்போதே பேசி முடித்துவிடுவான்.

வாயிலில் கம்பி ஆலைத் தொழிலாளர்கள் இருநூறு பேர் நின்றனர். பலர் கைகளில் இரும்புக் குழாய்கள் இருந்தன. அவர்கள் கேட்டது ஓர் ஆளை. மூன்றாம் மாடியில் நான்கு விலா எலும்புகள் முறிந்து கிடந்தவரை. முந்தைய நாள் அவரை அடித்து நொறுக்கியவர்களும் அவர்களே. அவர் ரேடியோவின் அக்காள் கணவர்.

நடந்தது இதுதான். கம்பி ஆலையில் வெப்பப்படக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மின்பலகைகளைச் சோதித்துவந்த ஒருவரைப் 'பூனைக்கண்ணர்' என்று எல்லாரும் அன்போடு அழைப்பார்கள். சூட்டை நிறமாகக் காட்டும் கேமரா அது. எந்த இணைப்புக் கொதிக்கிறது என்பதைத் தொடாமலே சொல்லிவிடும். மூன்று நாள்களுக்கு முன்பு, நடுப்பகலில், மின்கூடத்தில் அவரை யாரோ கடப்பாரையால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். பதினோரு அடிகள். ஏழாவது அடிவரை உயிர் இருந்திருக்கும் என்றார் பிணச்சோதனை செய்த மருத்துவர்.

முதல் அடி விழுமுன் அவருடைய விரல் கேமராவின் விசையில் அழுந்தியிருக்க வேண்டும். ஒரு படம் பதிவாகியிருந்தது. கருநீலத்தின் நடுவே கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிச் சன்னல். அந்தச் சட்டத்துக்குள் மஞ்சளும் வெள்ளையுமாக முகமற்ற ஓர் ஆளுருவம். அதன் இடக்கை தலைக்குமேல் உயர்ந்திருந்தது. அந்தக் கையில் கறுத்த நீளக் கோடாகக் கடப்பாரை. கட்டுப்பாட்டு அறைக்குள் அன்று பணியில் இருந்தவர் ஒருவரே. அவர் இடக்கைக்காரர். அவர்தாம் ரேடியோவின் மாமா. அவர் கடப்பாரையோடு உள்ளிருந்து பாய்ந்து வந்து அடித்தார் என்று எல்லாரும் முடிவுகட்டினர்.

மூன்றாம் மாடியில் இன்ஸ்பெக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "நாளைக்குக் காலைல இவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோயாகணும். வாசல்ல இருநூறு பேர். என்கிட்ட ஒன்பது பேர். கணக்கு உங்களுக்கே புரியும். வேற ஆளைக் கொண்டாங்க, ஆதாரத்தோட. இல்லேன்னா வாசல் வரைக்குந்தான் என்னால பொறுப்பெடுக்க முடியும்."

கட்டிலில் கிடந்த மாமா சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

"மாமா, அன்னிக்கு என்னதான் நடந்துது? வாயைத் திறங்களேன்."

"நான் அடிக்கலே."

"அது எங்களுக்குத் தெரியும். வேற?"

வேறொன்றும் அவர் சொல்லவில்லை. அக்காள் மட்டும் ரேடியோவின் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "உன்னைத்தான்டா நம்பியிருக்கேன்" என்றாள். அவனுக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை.

அங்கிருந்து வக்கீலம்மா நேரே சென்றது கேமரா விற்கும் கடைக்கு. சுவரெங்கும் மின்னளவு மானிகளும் தலைக்கவசங்களும் தொங்கின. கடையை நடத்திய பெண் இவர்களுடைய முகத்தைப் பார்த்தாள், ரேடியோவின் நெற்றியைப் பார்த்தாள். ஆனாலும் வியாபாரத்தை முதலில் பார்த்தாள்.

"வெப்பப்படக் கேமராவா? என்ன வேலைக்கு?"

"நல்லதா ஒண்ணு குடும்மா" என்றார் வக்கீலம்மா.

"நல்லதுன்னு தனியா ஒண்ணு கிடையாதும்மா. கூரை ஒழுகற இடம் தேடறவங்களுக்கு ஒண்ணு, உலை பாக்கறவங்களுக்கு ஒண்ணு. எதைப் பாக்கணும், எவ்வளவு தூரத்துல நின்னு பாக்கணும், அது எவ்வளவு சின்னது, எவ்வளவு சூடாகும்? இந்த நாலையும் சொல்லுங்க. அப்புறம் விலை பேசலாம்."

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு விசாரிக்கறதில்லை" என்றான் ரேடியோ.

"விசாரிச்சிருந்தா பாதிப் பொண்ணுங்க தப்பிச்சிருப்பாங்க" என்றாள் அவள். ரேடியோ மரியாதையோடு வாயை மூடிக்கொண்டான்.

"மின்பலகை. பத்தடி தூரம். கட்டைவிரல் அளவு இணைப்பு" என்றார் வக்கீலம்மா.

அவள் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தாள். "இது மலிவு. படத்துக்கு எண்பது புள்ளி அகலம். பத்தடி தள்ளி நின்னா உங்க இணைப்பு ஒரே ஒரு புள்ளி; அக்கம்பக்கத்துக் குளிர்ச்சியோட கலந்து சூட்டைக் குறைச்சுச் சொல்லும். இதுக்கு முந்நூத்திருபது புள்ளி. இணைப்பு தெளிவா விழும். சாதாரணப் படத்தையும் கூடவே எடுத்து வெச்சுக்கும். ஆனா எதை வாங்கினாலும், ஏமாறத் தெரிஞ்சவங்க ஏமாறத்தான் செய்வாங்க. இப்படி வாங்க."

மூலையில் பளபளப்பான எவர்சில்வர் கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கேமராவைக் காட்டினாள். திரையில் முப்பத்துமூன்று பாகை.

"கெட்டில் பொய் சொல்லுதா, கேமரா பொய் சொல்லுதா?" என்று ரேடியோ விரலை நீட்டினான்.

"தொட்டுப் பாருங்களேன். விரல் தோலு உரிஞ்சு போச்சுன்னா நான் பொறுப்பில்லை." கெட்டிலின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பின்மேல் அவள் கேமராவைத் திருப்பினாள். தொண்ணூற்றாறு. "பளபளப்பான உலோகம் தன்னோட சூட்டைக் காட்டாது, சுத்தி இருக்கறதைத் திருப்பிக் காட்டும். அதனாலதான் டேப்பு. இது தெரியாம நம்பரை மட்டும் படிச்சா ஆள் சாவும்."

வக்கீலம்மா கடையின் கண்ணாடிக் கதவைச் சுட்டினார். "அது வழியாத் தெருவுல போறவங்களைக் காட்டும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "எல்லாரும் கேக்கறதுதான். தம்பி, நீங்களே பாருங்க."

ரேடியோ கேமராவை இடக்கையில் வாங்கிக் கதவை நோக்கிப் பிடித்தான். வெறுங்கண்ணுக்குத் தெருவில் பேருந்து போயிற்று, ஒரு தம்பதி சண்டையிட்டுக்கொண்டு நடந்தனர். திரையில் பேருந்தும் இல்லை, தம்பதியும் இல்லை. மஞ்சளும் வெள்ளையுமாக, மங்கலான ஓர் ஒல்லி ஆள் கண்ணாடிக்குள் நின்றான். ரேடியோ தலை வார வலக்கையை உயர்த்தினான். எதிரே நின்றவன் இடக்கையை உயர்த்தினான்.

சீப்பு கீழே விழுந்தது.

"மேடம்..."

"சொல்லு."

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆளை இது பாக்காது. இந்தப் பக்கம் இருக்கறவனைத்தான் கண்ணாடில காட்டும். அப்படீன்னா அடிச்சவன் அறைக்குள்ளே இல்லை. பூனைக்கண்ணருக்குப் பின்னாடி, பக்கவாட்டுல நின்னிருக்கான். அவர் சாய்வா நின்னதால அவர் உருவம் விழலை, அவன் உருவம் விழுந்துடுச்சு. இடக்கைன்னு நாம பாத்தது அவனோட வலக்கை!"

வக்கீலம்மா தலையை மட்டும் அசைத்தார். பிறகு கடைக்காரப் பெண்ணிடம் கேட்டார்: "கம்பி ஆலைக் கேமரா இங்கே வாங்கினதா?"

அவளுடைய சிரிப்பு அடங்கியது. "ஆமாம்மா. பராமரிப்பு மேலாளர் வந்து வாங்கினார். சாதாரணப் படம் எடுக்காத பழைய மாடலே போதும்னுட்டார். மூணு நாள் பயிற்சி குடுத்தேன். கண்ணாடிப் பாடத்தை இதே கதவுல, அவர் கையாலேயே செஞ்சு பாத்தார். பதிவேட்டுல கையெழுத்து இருக்கு."

"பூனைக்கண்ணர்?"

"போன வாரம் வந்தார். செப்புப் பட்டைல டேப்பு ஒட்டி அளந்தா எவ்வளவு வித்தியாசம் வரும்னு கேட்டார். நாப்பதுன்னு காட்டறது நூத்தி முப்பதாக்கூட இருக்கலாம்னு சொன்னேன். அப்படியே உக்காந்துட்டார். தண்ணி குடுத்தேன்."

காரில் ஏறியதும் ரேடியோவுக்கு எல்லாம் கோவையாக வந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு அதே மின்கூடத்தில் ஒரு செப்பு இணைப்பு வெடித்து இரு தொழிலாளர்கள் கருகிச் செத்தனர். அதற்கு முதல் வாரம் அந்த இணைப்பைக் கேமராவில் பார்த்து, 'நாற்பத்தொரு பாகை, பழுதில்லை' என்று கையெழுத்திட்டவர் பராமரிப்பு மேலாளர். இவ்வளவும் செய்தித்தாளில் வந்தது. பளபளத்த செம்பு அவரை ஏமாற்றிய கதை மட்டும் வரவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் பூனைக்கண்ணர்.

"மூணு நாள் பாடம் படிச்சும் டேப்பை மறந்தான்" என்றார் வக்கீலம்மா. "கண்ணாடிப் பாடத்தை மட்டும் மறக்கலை. படத்தைப் போலீசுக்கிட்டே கொண்டுபோய்க் குடுத்து, 'பாருங்க, அறைக்குள்ளே நிக்கறான்'னு சொன்னது யாரு?"

"அந்த மேலாளர்தான். அடப்பாவி!"

மேலாளர் மின்கூடத்திலேயே இருந்தார். நெடிய உருவம்; மெல்லிய குரல்; அழுக்குப் படாத கைகள். கூடத்தின் இருபுறமும் ஆளுயர மின்பலகைகள் ரீங்கரித்தன. கோடியில் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிச் சன்னல். தரையில் கழுவியும் போகாத கறை.

"வாங்க மேடம். எங்க ஆள் போயிட்டாரு. உங்களுக்கு நான் என்ன செய்யணும்?"

வக்கீலம்மா வாடகைக்கு வாங்கி வந்த கேமராவை நீட்டினார். "படத்துல இருக்கற மாதிரியே ஒரு படம் எடுத்துக் காட்டுங்க சார். இவனை அறைக்குள்ளே நிக்க வைக்கிறேன். இவன் கையைத் தூக்கட்டும். கண்ணாடி வழியா எடுங்க."

மேலாளர் கேமராவை வாங்கவில்லை. சன்னலைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். பின்பு பொறுமையாக நடந்துபோய்க் கூடத்தின் கதவைத் தாழிட்டார்.

"சார், காத்து வர்றதுக்குத் திறந்தே இருக்கட்டுமே" என்றான் ரேடியோ. அவன் கை சீப்பைத் தேடவில்லை.

திரும்பியபோது மேலாளரின் வலக்கையில் முழங்கை நீள ஸ்பானர் இருந்தது. முதல் வீச்சில் கேமரா சிதறியது. வக்கீலம்மாவின் மணிக்கட்டு, உலர்ந்த குச்சியை ஒடித்தது போன்ற ஓசையோடு முறிந்தது. ரேடியோ இடையில் பாய்ந்தான். இரண்டாம் வீச்சு அவனுடைய விலாவில் இறங்கிற்று. மூச்சு வெளியே போனது, திரும்பி வரவில்லை. அவன் மேலாளரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினான்.

"ஓடுங்க மேடம்!"

வக்கீலம்மா தள்ளாடிச் சென்று கட்டுப்பாட்டு அறைக்குள் புகுந்து தாழிடுவதை அவன் ஒரு கணம் கண்டான். மறுகணம் முழங்கால் ஒன்று அவன் வாயில் மோதியது. இரண்டு பற்கள் நாக்கின்மேல் உருண்டன.

"கெஞ்சினேன்டா அவன்கிட்டே!" மேலாளரின் குரல் இப்பொழுது மெல்லியதாக இல்லை. "தெரியாம நடந்த தப்புன்னு காலைப் பிடிச்சேன். விசாரணைல சொல்லியே தீருவேன்னான். ரெண்டு பேர் செத்தது உன் கையெழுத்தாலேன்னான்!"

அவர் ஒரு கையால் ரேடியோவின் தலைமயிரைப் பற்றிக்கொண்டு, மறு கையால் பக்கத்து மின்பலகையின் கதவைத் திறந்தார். உள்ளே மூன்று செப்புப் பட்டைகள், விளக்கிய பாத்திரம்போலக் குளிர்ச்சியாக மின்னின. நடுப்பட்டையில் ஒரு துண்டுக் கறுப்பு டேப். இறந்தவர் ஒட்டியது. ரேடியோவின் முகம் அதை நோக்கி அங்குலம் அங்குலமாகப் போயிற்று. ரீங்காரம் பற்களுக்குள் ஏறியது. புருவத்து மயிர் சிலிர்த்து எழுந்தது.

"சார்..." குருதியோடு சொன்னான் ரேடியோ. "காலைலதான் சவரம் பண்ணினேன்... திரும்ப வேணாமே..."

நான்கு விரற்கடை. இரண்டு.

திடீரென்று அபாயச் சங்கு அலறிற்று. ரீங்காரம் செத்தது. விளக்குகள் அணைந்தன. அந்தக் கணமே ரேடியோவின் கன்னம் செம்பில் அழுந்தியது. மின்சாரம் போயிருந்தது, சூடு போகவில்லை. கண்ணுக்குக் குளிர்ந்து மின்னிய உலோகம், கன்னத்துத் தோலைப் பட்டையாகப் பொசுக்கி எடுத்தது. அவன் கத்திய கத்தலோடு தலையைப் பின்னுக்கு வீச, மேலாளரின் மூக்கு நொறுங்கிற்று. ஸ்பானர் தரையில் விழுந்தது. ரேடியோ அதன்மேல் விழுந்தான், எடுத்தான், ஓங்கினான்.

"ரேடியோ! போதும்!" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வக்கீலம்மா கூவினார். ஸ்பானர் ஓங்கிய நிலையிலேயே நின்றது.

சங்கொலி கேட்டு ஓடிவந்த தொழிலாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் கூடத்தின் கதவைப் பெயர்த்தெடுத்தனர். உண்மையைக் கேட்டதும் அதே கைகள் மேலாளர்மேல் பாய்ந்தன. இன்ஸ்பெக்டர் வந்து அவரை மீட்டபோது அவருடைய ஒரு கண் மூடியிருந்தது, வலக்கை தவறான பக்கம் மடங்கியிருந்தது. கடைப் பதிவேட்டுக் கையெழுத்தும், டேப் ஒட்டிய பட்டையின்மேல் பூனைக்கண்ணர் எடுத்துவைத்திருந்த 'நூற்று முப்பத்தெட்டு' என்ற படமும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

"மாமா தப்பிச்சார் மேடம்!" என்றான் ரேடியோ, பல்போன வாயால்.

வக்கீலம்மா கட்டுப்பாட்டு அறையைவிட்டு வெளியே வரவில்லை. முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, பணியாளருக்கான நாற்காலியில் அமர்ந்திருந்தார். மேசையின் ஓரத்தில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பொத்தான்.

"இங்கே வந்து உக்காரு" என்றார்.

அவன் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு வெளியே கூடம் முழுவதும், தரையின் கறை உள்பட, பகல் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"உன்னை அடிச்ச ஒவ்வொரு அடியையும் இங்கேருந்துதான் பாத்தேன்" என்றார் அவர். "கேமராவுக்குத்தான் இது சுவர். கண்ணுக்கு வெறும் கண்ணாடி. பொத்தான் கைக்கு எட்டுற தூரம். நான் அழுத்தினேன். ஒரு நிமிஷத்துல ஆள் வந்துட்டாங்க."

ரேடியோ பொத்தானைப் பார்த்தான். பதினோரு அடிகள். ஏழாவதுவரை உயிர்.

மாலை நான்கு மணிக்கு மருத்துவமனை வாயில் வெறிச்சோடிக் கிடந்தது. மூன்றாம் மாடியில் அக்காள் சிரித்த முகத்தோடு எதிரே ஓடிவந்து, தம்பியின் கன்னத்துக் கட்டைப் பார்த்துவிட்டு அழுதாள். ரேடியோ அவளைத் தாண்டிச் சென்று கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தான்.

"மாமா. பாத்தீங்களா?"

மாமா இப்பொழுதும் சுவரைத்தான் பார்த்தார்.

"முதல் அடிலேயே என் கை பொத்தான்மேல போயிடுச்சுடா. அப்போ அவன் நிமிந்து என்னைப் பாத்தான். கண்ணாடி வழியா, நேரா. கடப்பாரையை என் பக்கம் நீட்டிக் காட்டினான். நான் மேசைக்கு அடியில போயிட்டேன். காதைப் பொத்திக்கிட்டேன். பூனைக்கண்ணர் கூப்பிட்டாரு... என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு." அவருடைய முறிந்த விலாக்கள் ஏறி இறங்கின. "அப்புறம் எப்படிடா சொல்றது? பாத்தேன்னு சொன்னா, ஏன் அழுத்தலேன்னு கேப்பாங்களே. அடி வாங்கறது அதைவிடச் சுலபமா இருந்துது."

அக்காள் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் பேசினாள்: "விட்டுடுடா. இவர் கையால எதுவும் நடக்கலை. கொன்னவனைப் பிடிச்சாச்சு. வெளிலே பூனைக்கண்ணரோட சம்சாரம் வந்து நிக்கறாங்க. தெரியாம இவரைக் கொலைகாரன்னு சொல்லிட்டேன், ஒருதரம் பாத்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்னு அழறாங்க. உள்ளே கூப்பிடட்டுமா? கேட்டுட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

மாமா போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார்.

கதவின் சிறு கண்ணாடி வழியே ரேடியோ பார்த்தான். நடைபாதைப் பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண்மணி அமர்ந்திருந்தாள். அவளருகே இறந்தவருடைய தலைக்கவசம் இருந்தது. ஆலையில் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். சற்றுத் தள்ளி வக்கீலம்மா, கையில் கட்டோடு, அவளுக்குத் தண்ணீர் வாங்கி வந்துகொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து ரேடியோவைப் பார்த்தார்.

அவன் எழுந்தான். விலா வலித்ததால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றான்.

"அவங்க மன்னிப்புக் கேக்கக் கூடாதுக்கா" என்றான். "நான் போய் நடந்ததைச் சொல்லிடறேன்."